பித்தளை அண்டாவில் ஒரு பெயர்: மதுரைப் பக்கத்துக் குடும்பங்கள் வம்சாவளி தேட ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பித்தளை அண்டா ரொம்ப நாளாகக் கவிழ்ந்து கிடந்தது. ஒரு பொங்கலுக்கு அதை இறக்கிப் புளி போட்டு விளக்கினோம். கழுத்தோரத்தில் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து தெரிந்தது. ஒரு பெண்ணின் பெயர், பக்கத்தில் ஓர் ஊரின் பெயர். சின்ன அப்பத்தா, அதாவது அப்பாவைப் பெற்ற என் அப்பத்தாவின் தங்கை, கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார். "இது எங்க ஆத்தா பேரு. எங்க அக்காளக் கட்டிக் குடுக்கையில சீரா வந்த அண்டா" என்றார்.

அதற்கு முன்பே ஆறேழு வருடமாக நான் வம்சாவளி எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா, அய்யா, பாட்டன், பூட்டன் என்று ஆண்பிள்ளைகள் வரிசை ஐந்து தலைமுறைக்குப் போயிருந்தது. என் அப்பத்தாவைப் பெற்றவளுக்கு அதில் ஒரு கட்டம்கூடப் போட்டிருக்கவில்லை. அந்தப் பொங்கல் முடிந்ததும் நோட்டை முதல் பக்கத்திலிருந்து திருப்பி எழுத ஆரம்பித்தேன். கீழே இருப்பதெல்லாம் அந்த இரண்டாவது முறையில் கற்றுக்கொண்டது. எங்கள் பூர்வீகம் மேலூர்ப் பக்கம். ஆனால் உசிலம்பட்டி, திருமங்கலம், சோழவந்தான், வாடிப்பட்டி என்று எங்கிருந்து நீங்கள் தேடினாலும் பெரும்பாலும் பொருந்தும்.

முதல் நாள் வேலை

நல்ல தாளில் ஒரு நீள நோட்டு போதும். உங்களில் தொடங்கி மேலே போங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். பெயர், கூப்பிடும் பெயர், பிறந்த ஊர், வாக்கப்பட்ட ஊர், அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள், கட்டிக்கொண்டவர், பிள்ளைகள், தவறிய காலம், குலசாமி. கடைசியாக ஒரு வரி: இதை யார் சொன்னது, என்றைக்குச் சொன்னது. இந்தக் கடைசி வரியை விட்டால் இரண்டு வருடம் கழித்து எது காதால் கேட்டது, எது காகிதத்தில் பார்த்தது என்று உங்களுக்கே பிடிபடாது.

தெரியாததைக் காலியாக விடுங்கள். ஆனால் ஒரு பெண்ணுக்கு "மனைவி" என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள். "பெயர் கேட்க வேண்டும்" என்று எழுதுங்கள். எழுதி வைத்தால்தான் கேட்கத் தோன்றும்.

பெரியவர்களிடம் கேட்பது

முதலில் வீட்டிலேயே மூத்த பெண்ணிடம் போங்கள். நிலத்தின் கதையையும் கோவில் மரியாதையின் கதையையும் ஆண்கள் நன்றாகச் சொல்வார்கள். எந்த வீட்டில் பெண் எடுத்தோம், எங்கே கொடுத்தோம், எந்தப் பிள்ளை பால்குடி மறப்பதற்குள் தவறியது என்பதெல்லாம் பெண்களிடம்தான் இருக்கும். அதிலும் வாக்கப்பட்டு வந்தவர்களைவிட, அந்த வீட்டில் பிறந்து வெளியூர் போன அத்தைமார்களிடம் அதிகம் கிடைக்கும். பிறந்த வீட்டை அவர்கள் மறப்பதே இல்லை.

ஒற்றை ஆளாக உட்கார வைத்துக் கேட்டால் "எனக்கு என்னத்தப்பா தெரியும்" என்றுதான் பதில் வரும். இரண்டு பேரைச் சேர்த்து உட்கார வையுங்கள். "அவுக இல்லடி, அவுக தம்பியில்ல" என்று ஒருவரை ஒருவர் மறுத்துப் பேசும்போது நீங்கள் கேட்கவே தெரியாத பெயர்கள் வந்து விழும். செல்போனில் பதிவு செய்யலாம், கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஒரே நாளில் எல்லாம் வேண்டாம். முதல் நாள் கேட்டது அவர்கள் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். மறுநாள் போனால் தானாகவே சொல்வார்கள்.

அந்தக் காலத்துப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். "அழகர்கோயில் வாசல்ல அருவாளோட காவல் நிக்கிறாருல்ல, அவரு பேரு" என்பார்கள். கருப்பன் என்று நீங்கள்தான் புரிந்துகொள்ள வேண்டும். நாத்தனார் பக்கத்தில் இருந்தால் சிக்கல் இல்லை, அவர் அண்ணன் பெயரைப் பட்டென்று சொல்லிவிடுவார்.

முறைச் சொற்களில் கவனம் வேண்டும். அய்யாவின் அண்ணன் தம்பி எல்லாருமே நமக்குத் தாத்தாதான். மூன்று தலைமுறைக்கு முன் பிரிந்த பங்காளியின் மகனும் சித்தப்பாதான். அதனால் "அவரு உங்களுக்கு என்ன முறை" என்று கேட்டு நிறுத்தாமல், "ஒரு வயித்துப் பிள்ளைகளா, பங்காளி முறையா" என்று கேளுங்கள். பாட்டனுக்கு இரண்டு தாரம் இருந்திருக்கலாம். "மூத்தகுடிப் பிள்ளையா, இளையகுடிப் பிள்ளையா" என்ற கேள்வியை மெதுவாக, தனியாகக் கேளுங்கள்.

எனக்கு நன்றாகப் பலித்த கேள்விகள் சில உண்டு. "உங்களுக்கு யார் மடியில உக்கார வச்சுக் காது குத்துனாக?" தாய்மாமன் பெயர் வரும், அந்தப் பெயரைப் பிடித்தால் அம்மாவின் பிறந்த வீடு வந்துவிடும். "எந்தச் சந்தைக்குப் போவீக, எந்தக் கம்மாய்த் தண்ணி பாயும்?" புதுப்பட்டி என்று சொன்னால் எந்தப் புதுப்பட்டி? நம் பக்கத்தில் அந்தப் பெயரில் எத்தனையோ ஊர்கள் இருக்கின்றன. சந்தையும் கண்மாயும் தெரிந்தால் ஊர் உறுதியாகும். "நம்ம வீட்ட ஊருக்குள்ள எப்படிச் சொல்லுவாக?" மச்சு வீடு, கிணத்தடி வீடு, பட்டாளத்தார் வீடு, கங்காணி வீடு, ரங்கூன்காரர் வீடு. இந்தப் பட்டப்பெயருக்குள் ஒரு தொழிலோ ஒரு பயணமோ அடங்கியிருக்கும்.

இழவு வீட்டில் எதையும் கேட்காதீர்கள். ஆனால் காதைத் திறந்து வைத்திருங்கள். ஒப்பாரியில் பிறந்த வீட்டுப் பெருமையும் கூடப்பிறந்தவர் பெயரும் வரும். கோடித் துணி எந்த ஊரிலிருந்து வருகிறது, யார் மொட்டை போடுகிறார்கள், யாருக்குத் தீட்டு என்பதைப் பார்த்தாலே பங்காளி யார், சம்பந்தி யார் என்று தெரிந்துவிடும். வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும்

பெயரன் என்பதுதான் பேரன் ஆனது. பாட்டன் பெயரைத் தாங்குகிறவன். மூத்த பேரனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்றவர் பெயர், பேத்திகளுக்கும் அதேபோல அப்பத்தா பெயரும் அம்மாச்சி பெயரும். இது பல வீடுகளில் நடந்த வழக்கம். அதனால் வெள்ளையன் மகன் கருப்பையா, கருப்பையா மகன் வெள்ளையன், மறுபடி வெள்ளையன் மகன் கருப்பையா என்று பின்னல் போலப் போகும்.

இதில் நான் ஒரு பெரிய தவறு செய்தேன். ஒரு கிரயப் பத்திரத்தில் இருந்த பாட்டனையும், மொய் நோட்டில் இருந்த பேரனையும் ஒரே ஆளாக்கிவிட்டேன். நடுவில் ஒரு தலைமுறையே விழுந்துபோனது. பங்காளி வீட்டுப் பெரியப்பா ஒருவர் பார்த்துவிட்டு "எங்க அய்யாவக் காணோமேப்பா" என்று கேட்டார். அவர் முகம் வாடியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அந்தத் தலைமுறையோடு மூன்று பெண்பிள்ளைகளும் விழுந்துபோயிருந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு பெயரை ஏற்றும் முன் அப்பா பெயர், கட்டிக்கொண்டவர் பெயர், ஊர் ஆகிய மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கிறேன். வெறும் பெயரும் இனிஷியலும் போதவே போதாது.

இதே வழக்கம் நமக்கு உதவியும் செய்யும். ஒருவர் பெயர் தெரியாவிட்டால் அவருடைய மூத்த பேரன் பேத்தி பெயர்களைப் பாருங்கள். பெரும்பாலும் விடை அங்கே இருக்கும். பள்ளிக்கூடத்துப் பெயரையும் வீட்டில் கூப்பிடும் பெயரையும் இரண்டையுமே கேளுங்கள். மாமனார் மாமியார் பெயரைச் சொல்லிப் பிள்ளையை அதட்டக் கூடாது என்று மருமகள்கள் வேறு பெயரில் கூப்பிட்டிருப்பார்கள்.

பீரோவும் பரணும்

மதுரைப் பக்கத்தில் மொய் நோட்டுக்கு நிகரான ஆவணம் இல்லை என்பது என் முடிவு. காதுகுத்து, சடங்கு, கல்யாணம் என்று ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஒரு நோட்டு. ஊர், இனிஷியல், பெயர், தொகை. பணம் திரும்பச் செய்ய வேண்டிய கடன் என்பதால் யாரும் அதைத் தூக்கிப் போடுவதில்லை. ஊர் வாரியாகப் பெயர்களைத் தனித்தாளில் பிரித்து எழுதுங்கள். நீங்கள் கேள்விப்பட்டே இராத ஓர் ஊரிலிருந்து ஏழெட்டுப் பேர் மொய் செய்திருந்தால், அங்கே ஒரு அத்தையோ பாட்டியோ வாக்கப்பட்டிருக்கிறார் என்று பொருள். தாய்மாமன் சீர் தனியாக எழுதப்பட்டிருக்கும். நோட்டின் முதல் பக்கத்தில் தேதியும் விசேஷமும் இருக்கும். அதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணப் பத்திரிகையில் பேரன் பேத்தி என்று பாட்டன்மார் பெயர் வரும். கருமாதிப் பத்திரிகையில் மகன், மகள், மருமகன் என்று முழுக் குடும்பமும் வரும். பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். சீர் பாத்திரங்களில் கொடுத்தவர் பெயரும் சில நேரம் தேதியும் வெட்டியிருக்கும். பெண்களின் பெயர் முழுதாகக் கிடைக்கும் இடம் இதுதான். காகிதத்தில் பெயர் வராத காலத்திலும் பித்தளையில் வந்திருக்கிறது.

பழைய போட்டோக்களின் பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரையும் கையெழுத்தும் இருக்கலாம். லேமினேஷன் செய்யாதீர்கள், பிறகு பிரிக்கவே முடியாது. நிழலான இடத்தில், வெயில் நேரடியாகப் படாமல் வைத்துப் படம் எடுங்கள். ஓலையில் எழுதிய ஜாதகமோ கணக்கோ இருந்தால் துடைக்காமல், எண்ணெய் பூசாமல், படம் எடுத்துக்கொண்டு ஓலை படிக்கத் தெரிந்த தமிழாசிரியரிடம் காட்டுங்கள்.

குலசாமி கோவில்

மாசி மகா சிவராத்திரிக்கு ஊர் ஊராகப் பங்காளிகள் குலசாமி கோவிலுக்குக் கூடுவார்கள். சென்னையிலும் கோவையிலும் இருப்பவர்கள்கூட அன்றைக்கு வந்துவிடுவார்கள். உங்கள் தேடலுக்கு இதைவிட நல்ல நாள் வருடத்தில் இல்லை.

முதலில் பார்க்க வேண்டியது தலைக்கட்டு வரி நோட்டு. கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. கோவில் வரி வசூலித்தவர் வகையறா வாரியாக எழுதி வைத்திருப்பார். முப்பது நாற்பது வருடத்து நோட்டுகள் சில கோவில்களில் ட்ரங்குப் பெட்டியில் கிடக்கும். வருடா வருடம் யார் பெயர் புதிதாக வருகிறது, யார் பெயர் நிற்கிறது என்று பார்த்தால் கல்யாணமும் சாவும் ஏறக்குறைய எந்த வருடம் என்று தெரியும். நோட்டை வீட்டுக்கு எடுத்துப் போகக் கேட்காதீர்கள். பெரியவர்கள் முன்னால் அங்கேயே உட்கார்ந்து எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்தது பிடிமண். பஞ்சமோ பகையோ பிழைப்போ காரணமாக ஊர் பெயர்ந்தவர்கள் பழைய கோவிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்து புது ஊரில் சாமியை வைத்தார்கள். பூசாரியிடமும் சாமியாடியிடமும் "பிடிமண் எங்கேயிருந்து வந்துச்சு" என்று கேளுங்கள். அந்த ஊருக்கு ஒருமுறை நேரில் போய் வாருங்கள். எங்களுக்கு அங்கே இன்னும் ஒரு கிளைப் பங்காளிகள் இருந்தார்கள். எங்களைப் பற்றி அவர்களிடமும் ஒரு கதை இருந்தது.

கோவில் மணி, கதவு, தரைக்கல், குத்துவிளக்கு, டியூப்லைட் எதையும் விடாதீர்கள். "உபயம்" என்று எழுதிய பெயர்கள் எல்லாம் வம்சாவளிக்கு உதவும். அதேபோல வீட்டுச் சாமியைக் கேளுங்கள். கன்னித் தெய்வம், சீலைக்காரி என்று பெட்டியில் சேலை வைத்துக் கும்பிடுகிற வீடுகளில், அந்தச் சாமி சிறு வயதில் இறந்துபோன அந்த வீட்டுப் பெண்ணாகவே இருப்பதுண்டு. அவள் பெயர், அவள் யாருக்குத் தங்கை, எப்படி இறந்தாள் என்று சேலை வைக்கிற பெண்களுக்குத் தெரியும்.

வழக்கம் வீட்டுக்கு வீடு வேறு. கிளை, கோத்திரம் சொல்கிறவர்கள் அதை முதலில் எழுதுங்கள். மதுரைச் சௌராஷ்டிரக் குடும்பங்களுக்கும் தெலுங்கு பேசும் பல குடும்பங்களுக்கும் தனியாக வீட்டுப் பெயர் உண்டு. அது தலைமுறை தாண்டி மாறாமல் வரும். தர்ப்பணம் செய்யும் வீடுகளில் அப்பா வழியில் மூன்று தலைமுறைப் பெயர்களும், அதோடு பெண்கள் பெயரும் சொல்லியே ஆக வேண்டும். புரோகிதரிடம் குறிப்பு இருக்கும்.

எந்த வருடம்?

பெரியவர்கள் ஆங்கில வருடம் சொல்ல மாட்டார்கள். தமிழ் வருடப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். பிரபவ 1987-88 என்றால் அதற்கு முன் 1927-28, அதற்கும் முன் 1867-68. தாது 1936-37, அதற்கு முன் 1876-77. "தாது வருசத்துல பொறந்தவரு" என்றால் இரண்டில் எது என்பதை அவருடைய பிள்ளைகளின் வயதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஊரறிந்த நிகழ்ச்சிகளை ஒட்டிக் கேட்டால் இன்னும் நெருங்கலாம். தாது வருஷப் பஞ்சம் 1876-78. பெரியாறு அணை திறந்தது 1895. மேலூர்ப் பக்கம் நஞ்சையானது அந்தத் தண்ணீரால்தான். மீனாட்சியம்மன் கோவிலில் ஆலயப் பிரவேசம் 1939 ஜூலை 8. வைகை அணை 1959. மீனாட்சியம்மன் கோவில் கும்பாபிஷேகம் 1963, 1995, 2009. தனுஷ்கோடியைக் கடல் கொண்டது 1964 டிசம்பர். மதுரையில் உலகத் தமிழ் மாநாடு 1981 ஜனவரி. "வைகை டேம் கட்டுறப்ப உங்களுக்குக் கல்யாணம் ஆயிருச்சா? கையில பிள்ளை இருந்துச்சா?" என்று கேட்டுப் பாருங்கள். நினைவு சரியாகப் போய் உட்காரும்.

பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை அப்படியே நம்பாதீர்கள். பல வாத்தியார்கள் கையைத் தலைக்கு மேல் வளைத்துக் காதைத் தொடச் சொல்லிப் பார்த்துவிட்டு ஒரு தேதியைப் போட்டார்கள். ஜாதகம் இருந்தால் அதுதான் நம்பகமானது.

பத்திரமும் பட்டாவும்

வீட்டில் இருக்கும் மூலப்பத்திரத்திலிருந்து தொடங்குங்கள். பழைய பத்திரங்களில் இன்னார் குமாரர், இன்னார் பாரியாள், ஊர், ஜாதி, "விவசாய ஜீவனம்" என்று ஆளை அடையாளம் சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள். சொத்து எப்படி வந்தது என்று ஒரு பத்தி இருக்கும். "பிதுரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்டு" என்றால் அப்பன் வழி வந்தது. நான்கெல்லை சொல்லும் சக்குபந்தியை விடாமல் படியுங்கள். கிழக்கே இன்னார் நிலம், வடக்கே இன்னார் நிலம் என்று வரும் பெயர்கள் பல நேரம் பங்காளிகள்தான். ஒரே நிலம் பாகமாகிப் பிரிந்திருக்கும். ௵ என்றால் வருடம், ௴ மாதம், ௳ நாள், ௸ மேற்படி. ௧, ௨, ௩ என்ற தமிழ் எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் படிப்பது சுலபம்.

பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் பெரிய வரவு. அண்ணன் தம்பிகள் அத்தனை பேரும் வயதோடு வருவார்கள். ஆனால் பெண்பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். அவர்கள் இல்லை என்பதால் பிறக்கவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். பூர்வீகச் சொத்தில் அன்றைக்கு அவர்களுக்குப் பங்கில்லை. 1989-இல் வந்த தமிழ்நாட்டுத் திருத்தமும் 2005-இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தமும் மகள்களைப் பங்குதாரர் ஆக்கின. அதற்குப் பிறகு பங்கை விட்டுக்கொடுத்து எழுதிய விடுதலைப் பத்திரங்களில் அத்தைமார் பெயர் வரிசையாக, அவர்கள் கணவர் பெயரோடும் ஊரோடும் கிடைக்கும். அதற்கு முந்தைய காலத்தில் பெண் பெயர் வேண்டுமென்றால் "மைனருக்குத் தாயும் கார்டியனுமான" என்ற வரியைத் தேடுங்கள். புருஷன் இளம் வயதில் இறந்து, பிள்ளைகளுக்காகக் கைநாட்டு வைத்தவள் அங்கே இருப்பாள். என் பாட்டி ஒருத்தியின் பெயரை நான் அப்படித்தான் கண்டுபிடித்தேன். பெயருக்கு மேலே பெருவிரல் ரேகை, மை கொஞ்சம் பரவி.

வீட்டில் பத்திரம் இல்லாவிட்டால் சர்வே எண்ணை வைத்து வில்லங்கச் சான்று போடுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் கிடைக்காத பழைய வருடங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துத் தேட வேண்டும். ஆவண எண்ணும் வருடமும் தெரிந்தால் நகல் கேட்கலாம். பட்டா, சிட்டா, அ-பதிவேடு இணையத்தில் பார்க்கலாம். யு.டி.ஆர். என்று சொல்லும் 1979-87 காலத்து நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பட்டா பெயர்கள் மாறியிருக்கும். அதற்கு முந்தைய பதிவேட்டைத் தாலுகா அலுவலகத்தில் கேளுங்கள். ஊர்க் கணக்குப் பிள்ளை, முன்சீப் பதவிகள் 1980-இல் ஒழிந்தன. அவர்கள் வீட்டு வாரிசுகளிடம் பழைய கணக்குப் புத்தகங்கள் மிஞ்சியிருந்தாலும் இருக்கும், மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள்.

ஜில்லா பெயரில் ஏமாந்துவிடாதீர்கள். திண்டுக்கல் 1985 வரை, தேனி 1996 வரை மதுரை மாவட்டத்தில் இருந்தன. ராமநாதபுரம் தனி ஜில்லா ஆனது 1910-இல். பழைய காகிதத்தில் "மதுரை ஜில்லா" என்று இருப்பது இன்றைய வேறு மாவட்டத்து ஊராக இருக்கலாம்.

மற்ற இடங்கள்

பிறப்பு இறப்புப் பதிவு, வாரிசுச் சான்று, பழைய வாக்காளர் பட்டியல் மூன்றும் உதவும்; பட்டியலில் வீட்டு எண் வாரியாகக் குடும்பமே வரும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் அப்பா பெயரும் தொழிலும் இருக்கும். உசிலம்பட்டிப் பக்கத்தார் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளின் பதிவேட்டைக் கேளுங்கள். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடு பெரிய செல்வம். பெற்றோர், ஞானப் பெற்றோர், தேதி எல்லாம் ஒரே வரியில் இருக்கும். முஸ்லிம் குடும்பங்கள் ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டைப் பார்க்கலாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தனி ஆள் விவரம் யாருக்கும் காட்டப்படுவதில்லை. வெளிநாட்டு வழிகாட்டிகளைப் படித்துவிட்டு அதற்கு அலைய வேண்டாம். ஜில்லா நிர்வாகத்தின் பழைய ஆவணங்கள் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆனால் ஊரும் வருடமும் கையில் இல்லாமல் அங்கே போகாதீர்கள்.

மரபணுச் சோதனை பற்றிப் பலர் கேட்கிறார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர் உசிலம்பட்டி அருகே ஜோதிமாணிக்கம் ஊரில் எடுத்த மாதிரியில் எம்130 என்ற மிகப் பழைய மரபணுக் குறியைக் கண்டது உலகெங்கும் பேசப்பட்டது. அது பல்லாயிரம் ஆண்டுப் பயணத்தின் கதை. உங்கள் பூட்டியின் பெயரை அது சொல்லாது.

கடல் கடந்து போனவர்கள்

"அண்ணன் தம்பி நாலு பேரு, ஒருத்தரு சிலோனுக்குப் போனாரு, வரவேயில்ல" என்ற வரி நம் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் உண்டு. இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களுக்குத் தோட்டத்தின் பெயரைக் கேளுங்கள். ஆள் சேர்த்துக் கூட்டிப் போன கங்காணி எந்த ஊர்க்காரர் என்று கேளுங்கள். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி திரும்பி வந்தவர்களிடம் அன்றைய கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் இருக்கும். நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தவர்கள் பலர். பர்மாவுக்குப் போனவர்களில் பலர் 1942-இல் யுத்தத்தின்போது நடந்தே திரும்பினார்கள். அந்த நடையில் இறந்தவர்களுக்குத் திதி தெரியாததால் ஆடி அமாவாசைக்குக் கொடுக்கும் வீடுகள் உண்டு.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் கப்பல் பட்டியல்களில் பெயர், அப்பா பெயர், வயது, ஜில்லா, தாலுகா, ஊர் எல்லாம் பதிவாகியிருக்கிறது. மொரீஷியஸுக்குப் போனவர்களின் பதிவேடுகள் அங்கே மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. பெயர்கள் வெள்ளைக்காரர் காதில் விழுந்தபடி எழுதப்பட்டிருக்கும். வாய்விட்டுப் படித்தால்தான் அது முத்துக்கருப்பாயி என்று பிடிபடும்.

எழுதி வைக்கும் முறை

ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுங்கள். தெரிந்த மூத்தவருக்கு 1. அவர் பிள்ளைகள் 1.1, 1.2, பேரப்பிள்ளைகள் 1.1.1, 1.1.2. ஆண் பெண் பேதமில்லாமல் பிறந்த வரிசையிலேயே எண் போடுங்கள். முதலில் மகன்கள், கடைசியில் மகள்கள் என்று எழுதும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். நம் வீடுகளில் அக்கா மகளைக் கட்டியிருப்பார்கள், அத்தை மகள், மாமன் மகளைக் கட்டியிருப்பார்கள். அதனால் ஒருவரே இரண்டு வழியில் வருவார். இரண்டு இடத்திலும் கட்டம் போட்டு, ஒரே எண்ணை எழுதுங்கள். கிராம்ப்ஸ் போன்ற இலவச மென்பொருள் இந்தச் சிக்கலைத் தாங்கும். ஆனாலும் மூலப்பிரதி கையெழுத்து நோட்டாக இருக்கட்டும்.

முன்னோர் இன்ன ராஜாவின் தளபதி என்பது போன்ற பேச்சு வந்தால், யார் சொன்னார் என்று குறித்துக்கொண்டு தனிப் பக்கத்தில் வையுங்கள். ஆதாரம் கிடைக்கும்வரை வம்சாவளிக்குள் ஏற்றக் கூடாது. சும்மாடு வைத்துச் சுமந்து நம்மை வளர்த்தவர்கள் கிடைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பெருமையே நிறைவாக இருக்கிறது.

உறவுகளுக்குச் சொல்வது

இதில்தான் பொறுமை அதிகம் வேண்டும். அண்ணன் தம்பி விவரமும் பத்திர நகலும் கேட்டுக்கொண்டு ஒருவர் வந்தால், சொத்துக்கு வருகிறார் என்றுதான் ஊரில் நினைப்பார்கள். என்னையும் ஒரு வீட்டில் வாசலிலேயே நிறுத்தி "என்னப்பா, பங்கு கேக்க வந்தியா" என்று கேட்டார்கள். அவர்கள் பயம் நியாயமானது. அதற்குப் பிறகு முதல் தடவை போகும்போது எதையும் கேட்பதில்லை, கொடுக்கத்தான் போகிறேன். அவர்கள் அய்யாவின் பழைய போட்டோவைப் பிரேம் போட்டு எடுத்துப் போனேன். அடுத்த முறை அந்த வீட்டுப் பெரியம்மாவே பெட்டியைத் திறந்து காட்டினார்.

வாட்ஸ்அப் குழுவில் எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டாதீர்கள். வாரத்துக்கு ஒரு போட்டோ, "இதுல நிக்கிறது யாரு" என்ற ஒரு கேள்வி போதும். எழுதத் தெரியாத அத்தைமார் குரல் பதிவில் பதில் சொல்வார்கள். அந்தக் குரலையே சேமித்து வையுங்கள். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, போன் எண், ஆதார், நிலத்தின் சர்வே எண் எதுவும் குழுவுக்குப் போகக் கூடாது. இரண்டாம் தாரம், தத்து, ஓடிப்போய்க் கட்டிக்கொண்டது, அறுத்துக்கட்டிய மறுமணம் போன்றவற்றை அந்த வீட்டாரிடம் முதலில் தனியாகச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் நோட்டோடு நிற்கட்டும். வேறு சாதியில் கட்டிக்கொண்டதால் விலக்கி வைக்கப்பட்ட பிள்ளைகள் இருந்தால், அவர்கள் சம்மதித்தால் கட்டாயம் சேருங்கள். பிறந்தது பிறந்ததுதானே.

பெரிய எழுத்தில் ஃப்ளெக்ஸ் அடித்து, கிடாவெட்டு அன்று கோவில் மரத்தில் கட்டுங்கள். பக்கத்தில் ஒரு மார்க்கர் பேனாவை நூலில் தொங்க விடுங்கள். பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஆளாளுக்குத் தங்கள் பெயரைத் தேடுவார்கள், பிழை சொல்வார்கள். ஃப்ளெக்ஸ் இரண்டு வெயிலில் வெளுத்துவிடும். திருத்தியதை நல்ல தாளில் எழுதி மூன்று பிரதி எடுங்கள். ஒன்று உங்கள் வீட்டில், ஒன்று வெளியூர்ப் பங்காளி வீட்டில், ஒன்று கோவில் பெட்டியில் தலைக்கட்டு நோட்டோடு.

போன மாசிக்கு எங்கள் ஃப்ளெக்ஸில் மூன்று பெயர் கூடின. இரண்டு புதிதாகப் பிறந்த பிள்ளைகள். மூன்றாவதை எழுதியது, தேனிப் பக்கத்திலிருந்து முதல் தடவையாக வந்திருந்த ஓர் அம்மா. பெண் வழியில் வந்தவர் என்பதால் எங்களுக்கு வரி கொடுக்கும் தலைக்கட்டு இல்லை அவர். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, பேனாவை எடுத்து, என் அப்பத்தாவைப் பெற்றவளின் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு ஒரு பெயர் எழுதினார். "அவுகளுக்கு ஒரு தங்கச்சி இருந்தாகப்பா. நாங்க அந்த வழி."